தறி நின்ற நேரத்தில் பாலேட்

ஜூன் 12, வியாழன்.

சென்னை இசைக் கல்லூரித் தேர்வில் பியானோவில் வாசிக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் காலத்துப் பெரிய படைப்பாக ஒன்று வேண்டும். எதுவென்று, ஃபேர்லேண்ட்ஸில் எனக்குப் பியானோ கற்றுத்தரும் டீச்சரிடம் இன்றே சொல்லியாக வேண்டும். கற்றிருப்பது இரண்டு: ஓங்கி முழங்கும் ஒரு சொனாட்டா, கதை சொல்வதுபோல் மெல்லத் தொடங்கும் ஒரு பாலேட். சொனாட்டா என்றுதான் முடிவு செய்திருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் ஓடும் எங்கள் விசைத்தறிகளை மீறிக் கேட்பது அதுதான். குமாரபாளையத்தில் இசை ரசனை இப்படித்தான் வளர்கிறது.

காலையில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். தறிகள் நின்றன. சும்மா பாலேட்டை எடுத்தேன். தொடக்கத்தை மிக மெல்ல வாசிக்க வேண்டும் என்று தாளில் அச்சாகியிருப்பது தெரியும். அந்த மெல்லிய ஓசையைக் காதால் கேட்டது இன்றுதான். எனக்கே சிலிர்த்தது.

அப்பா வந்து நின்றார்.

“ஏஞ் சாமி, இது புதுசா?”

“ஆறு மாசமா வாசிக்கறனுங்கப்பா. உங்க தறி உட்டாத்தானுங்களே கேக்கறதுக்கு!”

பாதியில் கரண்ட் வந்துவிட்டது. தறி ஓட்டும் பழனியண்ணன் எட்டிப் பார்த்தார். “போட்டுரலாங்களா?”

“இரு பழனி, புள்ள முடிக்கட்டும்.”

பண்டிகைக்குத் தவிர எதற்கும் தறியை நிறுத்தாத மனிதர் சொன்னது இது.

முடித்ததும் டீச்சருக்கு ‘பாலேட்’ என்று செய்தி அனுப்பினேன். அப்பா யோசித்துக்கொண்டே நின்றார்.

“தெனமும் சோத்து நேரத்துல தறிய நிறுத்திக்கறேன். அதுக்குள்ள முடியுமா?”

“பத்து நிமிசந்தானுங்க.”

“அப்ப ரெண்டு தடவ வாசி.”

தூக்கம் வரவில்லை. இதை எழுதும்போதே இடது கை மெத்தையில் வாசித்துக்கொண்டிருக்கிறது. வலது கைக்குப் பேனாதான் இடைஞ்சல்.