மூன்றாவது கேட்

அன்புள்ள ப்ரான்வினுக்கு,

அம்மா எழுதுவது. டென்வரில் நீ சௌக்கியம் என்று தெரிகிறது, பனியில் நின்று சிரிக்கிற படத்தை ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தாய். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நாய் டிங்கருக்குக் கால் புண் ஆறி மறுபடி கோழிகளைத் துரத்த ஆரம்பித்துவிட்டது, மழை இல்லை, ஆடுகளுக்கு ரோமம் வெட்டி முடித்தாயிற்று. பக்கத்துப் பண்ணை கிளைவ் மட்டும் சௌக்கியமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நான் கத்துவேன், நீ அழுவாய், அப்பா போனைப் பிடுங்கி உன்னிடம் வானிலை பேசுவார், விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கையால் எழுதுகிறேன். இதை அந்த ஏஐயிடம் காட்டி, அம்மா என்ன சொல்கிறாள் என்று சுருக்கித் தரச் சொல்லாதே. உட்கார்ந்து முழுதாகப் படி.

போன மாதம் நம் முல்லா க்ரீக் ஊர் முகநூல் குழுவில், புதிதாகக் குடிவந்த ட்ரூடி ஒரு கேள்வி போட்டாள், தண்ணீர்த் தொட்டியடியில் பழுப்புப் பாம்பைப் பார்த்தேன், கடித்துவிட்டால் என்ன செய்வது என்று. ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் தெரியும், பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு செப்டம்பரும் ஊர் மண்டபத்தில் முதலுதவி வகுப்பு எடுத்து நான்தான் எல்லார் மண்டையிலும் ஏற்றியிருக்கிறேன். ஆனால் யாரும் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இரண்டே நிமிஷத்தில் ஏழு வரி, எண் போட்டு, பார்க்க அவ்வளவு அழகாக. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், அது பழைய முறை, சதை அழுகிவிடும், உடனே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று. அடியில், எல்லாரும் பத்திரமா இருங்க, ஹீதர் பொண்ணு ப்ரான் என்று என் பெயரையும் சேர்த்துக் கையெழுத்து. இதை எங்கிருந்து எடுத்தாய் என்று ஒரு வார்த்தை போட உனக்குக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிளைவ் கொட்டகையில் பழைய தகரத்தைத் தூக்கியபோது கணுக்காலில் கடித்துவிட்டது. பழுப்புதான், அவரே பார்த்தார். அவர் மனைவி நோலீன் ஓடிப்போய் அலமாரியிலிருந்து கட்டுத்துணியை எடுத்து வந்திருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்தபடி கால்விரலில் ஆரம்பித்து இரண்டு சுற்றுச் சுற்றியும் விட்டாள். அப்போது கிளைவ்தான் சொன்னாராம், "ஹீதர் பொண்ணு புதுசா ஏதோ போட்டிருந்தாளே, கட்டக்கூடாதுன்னு, அதை ஒரு தடவை பாரு" என்று. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுற்றினதை அவிழ்த்தாள், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினாள், துணியைச் சுருட்டி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். உனக்கு டென்வரில் மருத்துவமனை பத்து நிமிஷம். அவர்களுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் மண் ரோடு, அதில் ஆடுகள் தாண்டாமலிருக்கக் குறுக்கே ஏழு கேட். ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கிக் கேட் திறக்க வேண்டும், நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அது ரத்தத்தில் ஊறின பழக்கம். கடிபட்ட மனுஷன், அசையாமல் படுத்திருக்க வேண்டிய மனுஷன், நோலீன் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த இறங்கி முதல் கேட்டைத் திறந்து மூடினார், இரண்டாவதையும் திறந்து மூடினார். மூன்றாவது கேட்டில் சங்கிலியைப் பிடித்தபடி விழுந்துவிட்டார்.

அவளால் அவரைத் தூக்க முடியவில்லை. போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. வண்டியில் இருக்கிற பேசும் ரேடியோவில் அவள் கூப்பிட்டது என் சமையலறை ரேடியோவில் கேட்டது. நானும் அப்பாவும் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வாயோரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புழுதியில் மண்டியிட்டு விரல் நுனியிலிருந்து தொடை வரை நான் கட்டினேன், வேலிக்கட்டையைப் பிடுங்கி அணை கொடுத்தேன், கட்டும்போதே தெரிந்துவிட்டது, நேரம் கடந்துவிட்டது என்று. விமான டாக்டர்கள் வந்து நம் பண்ணை ஓடுபாதையில் இறங்கித்தான் அவரை அடிலெய்டு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. உயிர் பிழைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் வரவில்லை.

அதை எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்டபோது நீ அனுப்பின பதில் என் போனில் இன்னும் இருக்கிறது. "ஏஐகிட்ட கேட்டுத்தாம்மா போட்டேன், அது எல்லா டாக்டர் புஸ்தகமும் படிச்சிருக்கு, தப்பாச் சொல்லாது." அது தப்பாகச் சொல்லவில்லை ப்ரான்வின், அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் ஊர் மலையில் வாலை ஆட்டிச் சத்தம் போடுகிற பாம்புக்கு அதுதான் சரியாம், டாக்டரே சொன்னார். நீ எந்த மண்ணில் நின்று கேட்டாயோ அந்த மண்ணுக்குப் பதில் வந்தது. நம் பாம்புக்கு அது நேர் எதிர். இங்கே கட்டுத்தான் விஷத்தை மேலே ஏறவிடாமல் பிடித்து வைக்கும், தோலில் ஒட்டின விஷத்தைக் கழுவாமல் விட்டால்தான் என்ன பாம்பு என்று சோதித்துப் பார்க்க முடியும். அந்த இயந்திரத்துக்கு முல்லா க்ரீக் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதை நான் மன்னிக்கிறேன். உனக்குத் தெரியும். ஏழு வயதில் அப்பாவின் காலையும் மேஜைக் காலையும் கட்டிக் கட்டிப் பழகினவள் நீ. மண்டபத்தில் என் பக்கத்தில் நின்று, விரலில் இருந்து மேலே, விரலில் இருந்து மேலே என்று கத்தினவள். உன் கைக்குத் தெரிந்ததை நீயே கேட்கவில்லை. எண் போட்டு வந்துவிட்டால் போதும், உனக்கு அம்மாவும் பழைய முறைதான்.

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கோபத்துக்கு மரியாதை இல்லை. அடிலெய்டில் அவர் அறைக்கு வெளியே நோலீனிடம் கேட்டேன், பத்தொன்பது வருஷம் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாயே, உனக்கு எப்படி அவிழ்க்க மனசு வந்தது என்று. என்ன திமிர் பார் எனக்கு, அந்த நேரத்தில் அவளிடம் அதைக் கேட்டேன். அவள் கோபப்படவே இல்லை. "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு ஹீதர், அதான் கீழ யாரு லைக் போட்டிருக்காங்கன்னு பாத்தேன், மொத பேரு உன் பேரா இருந்துச்சு" என்றாள். உண்மைதான். நீ போட்ட அன்று காலை டீயும் கையுமாக நின்றேன், உன் பெயரைப் பார்த்தேன், தூர தேசத்தில் இருந்தும் பெண்ணுக்கு ஊர் ஞாபகம் என்று நெஞ்சு நிறைந்தது, கட்டைவிரலை அழுத்திவிட்டு ரொட்டி பிசையப் போய்விட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. மகள் எழுதினதை அம்மா படித்துத்தானே லைக் போட்டிருப்பாள் என்று அவள் நம்பியதில் என்ன தப்பு. அவள் இன்னொன்றும் சொன்னாள், "ப்ரானைத் திட்டாதே, அவ்ளோ தூரத்துல இருந்து நமக்காக மெனக்கெட்டிருக்கா." எனக்கு அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. சேதி தெரிந்ததும் சத்தமில்லாமல் அந்தப் பதிவை அழித்துவிட்டாய். ஒரு விளக்கம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை, பதிவே இருந்த மாதிரி தெரியவில்லை. நீ அழித்தது உன் பெயரை மட்டும்தான். படித்தவர்கள் தலையிலிருந்து அதை எப்படி அழிப்பாய்? அதற்குள் அந்த ஏழு வரியையும் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார், கிழக்கே இரண்டு ஊர்க் குழுக்களில் சுற்றுகிறது, ஒன்றில் முதலுதவி டீச்சர் ஹீதர் சொன்னது என்றே தலைப்பு. சனிக்கிழமை ட்ரூடி வீட்டுக்கே வந்துவிட்டாள், "நீங்க சொல்றது ஒண்ணு, உங்க பேருல வர்றது ஒண்ணு, என் வீட்டுக்காரருக்குக் கடிச்சா நான் கட்டணுமா, கழுவணுமா?" என்று நேராகவே கேட்டாள். என் வீட்டு வாசலில் நின்று ஒருத்தி என்னிடம் அதைக் கேட்கிற நிலைமை வந்துவிட்டது. இன்னும் ஐந்து மாசம் பாம்பு நடமாடும்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. அந்த நாலு குழுவிலும் போய் எழுது. ஏஐயிடம் கேட்டு, சரிபார்க்காமல், சொல்லாமல் போட்டேன், அது நம் ஊருக்குத் தப்பு, கழுவாதீர்கள், விரலிலிருந்து மேலே கட்டுங்கள், ஆளை அசைக்காமல் படுக்க வைத்து விமான டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று எழுது. கிளைவுக்கு என்ன ஆயிற்று என்பதையும் எழுது, நோலீனிடம் கேட்டுவிட்டேன், எழுதட்டும் என்றாள். உன் வார்த்தையில் எழுது, தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதித் தரச் சொல்லி அதனிடம் போய் நிற்காதே. வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். நான் என் பங்கை நேற்றே எழுதிவிட்டேன், படிக்காமல் லைக் போட்டேன் என்று, ஊர் முழுக்கப் படித்தாயிற்று.

அப்பா உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னார், ரொம்பத் திட்டாதே என்றும் சொன்னார், அதை நான் கேட்கவில்லை. பொட்டலத்தில் ஓட்ஸ் பிஸ்கட் வைத்திருக்கிறேன், நீ கேட்ட கம்பளிக் காலுறையும் இருக்கிறது, பனியில் நனைந்த காலோடு உட்காராதே. உன்மேல் அன்பு ஒரு பொட்டும் குறையவில்லை, கோபமும் குறையவில்லை, இரண்டும் உனக்குத்தான். கடவுள் உன்னைக் காக்கட்டும், உன்னால் யாருக்கும் கெடுதல் வராமலும் காக்கட்டும். கிளைவுக்கு இப்போது வாயில் ஒரே ஒரு சொல்தான் வருகிறது. தண்ணீர் வேண்டுமானாலும் நோலீனைக் கூப்பிட வேண்டுமானாலும் கேட், கேட் என்கிறார், அவளும் என்னங்க என்று எழுந்து வருகிறாள். நீ எழுதிப் போடு. இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் என் விரலை வைப்பேன்.

உன் அம்மா,
ஹீதர்