புரட்டாசிச் சனியில் தின்ற பர்கர்

சௌந்திரத்துக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல, ரூமில் இருக்கும் அன்பழகன் எழுதுகிறான்.

பெங்களூரில் நான் சமைத்துப் போடும் இந்தப் பையன்கள் ஏர் ஃப்ரையர் வாங்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை அதில் கோழிக்கறியை வடை மாதிரி தட்டி வைத்து சீஸ் பர்கர் செய்தேன். உள்ளே அடித்த காற்றில் சீஸ் பறந்து மேலே ஒட்டிக்கொண்டது. அடுத்ததை ஈர்க்குச்சியால் குத்தி வைத்தேன்.

"எப்பவும் நின்னுக்கிட்டே இருக்கறீங்களே தாத்தா, எங்ககூட உக்காந்து தின்னுங்க" என்றான் அன்பழகன். ஒரு வாய் கடித்த பிறகுதான் புரட்டாசி நினைவு வந்தது. நம் கல்யாணத்தில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்பதுகூட மறக்காதவன் நான். கூப்பிட்டு உட்கார வைத்தார்களே என்று மிச்சத்தையும் தின்றுவிட்டேன். அதுதான் கூசுகிறது.

எனக்கும் சேர்த்து நீ விரதம் இருந்திருப்பாய். பெருமாளிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு முகமில்லை. நம் ஊர்க் காலண்டர் ஒன்று அனுப்பு. குக்கர் கத்துகிறது, நிறுத்துகிறேன்.

சுப்பையன்