எங்கள் வீட்டுக் கோப்பு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீயாவது நன்றாக இரு.

முகவரி மாற்றுவதற்காக இன்று வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவே கையை உடைச்சாராமே, அந்தப் பொண்ணு இதுதானா? இன்னும் படுக்கையை நனைக்கிறாளா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. பக்கத்தில் என் மகள். பன்னிரண்டு வயதுப் பெண், அக்கா! வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்தியவள் இன்னும் திறக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நீ வேலை பார்க்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அவள் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் அங்கே எப்படிப் போனது? "எங்க பீரோவைத் தாண்டாதுடி" என்று சொன்னது நீதானே? பீரோவைத் தாண்டியது மட்டுமா, சந்தி சிரிக்கிறது.

எழுதியே பதில் சொல். போனில் என்றால் கத்திவிடுவேன்.

உன் தங்கை


மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. இப்போது அலுவலகங்கள் ஒன்றின் பதிவை இன்னொன்று பார்க்கலாம் என்று ஏற்பாடு. 'பாதுகாப்பான வீடு தேவை' என்ற ஒரு வரி மட்டும்தான் அங்கே போயிருக்க வேண்டும். முழுக் கோப்பும் போய்விட்டது. புகார் கொடுத்திருக்கிறேன். சிந்தியதை அள்ள முடியாது, தெரியும். குட்டியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இன்னொன்று. இதை உனக்குச் சொல்வதே குற்றம், என் வேலைக்கே உலை வைக்கும். குட்டியின் அப்பா, அந்த ஆள், தெற்கே ஒரு நகரத்தில் இன்னொரு பெண்ணோடு இருக்கிறான். அவளுக்கு நாலு வயதில் ஒரு பையன். போன வாரம் அவனுக்கும் கை முறிந்திருக்கிறது. "படியில விழுந்துட்டான்" என்று அவளே சொல்கிறாளாம். அந்த ஊர் அலுவலகம் நம் கோப்பைக் கேட்கிறது. பதினெட்டாம் தேதி விசாரணை.

சொந்தம் என்பதால் உன் கோப்பை அனுப்பும் வேலையில் நான் தலையிடக்கூடாது, மேலாளர்தான் முடிவெடுப்பார். உன் கருத்தைக் கேட்டு அவர் எழுதுவார். சரி என்று சொல்லடி.

அக்கா


மார்ச் 9

அக்கா,

முடியாது. என் பிள்ளையின் காயத்தை ஊர் ஊராக அனுப்பி இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றச் சொல்கிறாய். கவுண்டரில் ஒருமுறை பட்டது போதாதா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை ஒன்றும் இருக்கிறது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. கோப்பின் மூன்றாம் பக்கத்தில் குட்டி சொன்ன ஒரு வரி: 'படியில விழுந்தேன்னு சொல்லச் சொன்னது அம்மாதான்.' உண்மை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சொல்ல வைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு அனுப்புவார்களா?

தங்கை


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

அந்த வரியை அன்றே படித்துவிட்டேன். மூன்று வருடமாக நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அதனால் உன் மேல் பாசம் குறைந்துவிடவில்லை.

மேலாளர் முடிவு செய்துவிட்டார். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் உன் சம்மதம் தேவையில்லையாம். முழுக் கோப்பு போகாது, நாலு பக்கம் மட்டும். படுக்கை, கனவு, மருத்துவர் குறிப்பு எதுவும் போகாது. மூன்றாம் பக்கம் போகும். அந்த வரியும்தான். அந்தப் பையனின் அம்மா சொல்வதை நம்பலாமா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் மேல் கோபம் தீரவில்லை. நீதான் எனக்குச் சொன்னாய் என்பது யார் காதுக்கும் போகாது. ஆனால் குட்டியைப் பற்றி இனி நான் உனக்கு எழுத மாட்டேன். அவளுக்கே தோன்றினால் எழுதுவாள்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் சொன்னத நீ போய்ச் சொல்லாதம்மா. நீ செஞ்சதச் சொல்லு" என்றாள்.

அதனால் இன்று அந்த ஊர் அலுவலகத்துக்கு விசாரணைக்கு வந்தேன். அதிகாரியின் மேசையில் உங்கள் நாலு பக்கமும் இருந்தன. "அதுல ஒரு வரி என்னைப் பத்தினது. அத நானே சொல்றேன்" என்றேன். பயத்தில் பொய் சொல்ல வைத்ததை, அவன் அழுது காலைப் பிடித்ததும் நம்பியதை, எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பையனை இப்போதைக்கு அந்த வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை என்றார்.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் அந்தப் பையனின் அம்மா. என்னைவிடச் சின்னவள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள். "நீங்க யாரு?" என்றாள்.

"என் பொண்ணுக்கும் கை உடைஞ்சது. அவளே படியில விழுந்துட்டாள்னு நானும் சொன்னேன்" என்றேன். குட்டியின் பேரைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிறகு பக்கத்து நாற்காலியில் கிடந்த பையனின் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

தங்கை