ஒற்றைத்துணியாரின் ஒரு டஜன் அங்கி

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தையல் மெஷினும் சௌக்கியம், மூன்றில் அதிகம் சத்தம் போடுவது அப்பாதான். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. கால் வீக்கம் குறைந்ததா? நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், நின்றுகொண்டே சாப்பிடாதே.

பிரசவத்துக்கு முன்னால் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றல் வாங்கித் தரும்படி நம் ஊர்க் கட்சித் தலைவரிடம் கேட்கச் சொன்னாயே, கேட்டேன். சட்டைக்கு அளவெடுக்கும்போது கேட்டேன், அப்போதுதான் அந்த மனுஷர் அசையாமல் நிற்பார். ஆகட்டும்மா, அதுக்கு முன்னால நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும் என்றார். நம் குருவை ஊரே ஒற்றைத்துணியார் என்கிறதல்லவா, உலகத்தில் அவருக்குச் சொந்தம் இடது தோளில் ஒட்டுப் போட்ட அந்த ஓர் அங்கிதான் என்று. அதே அங்கியை அதே ஒட்டோடு நான் ஒரு டஜன் தைத்துக் கொடுத்தது நமக்குத்தானே தெரியும். போன வாரம் கண்ணாடி போடாமல் தைத்ததில் ஒன்றுக்கு ஒட்டை வலது தோளில் வைத்துத் தொலைத்துவிட்டேன், அவரும் பார்க்காமல் மாட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஒட்டு தோள் மாறிய அற்புதம் என்று விழுந்து கும்பிட்டார்கள், உண்டியல் வழிந்தது. தேர்தல் நேரம், தலைவர் சும்மா இருப்பாரா? நீங்க மேடையில வந்து, இத்தனை வருஷமா இந்த ஒரே துணியைத்தான் தைச்சுக் குடுக்கறேன்னு நாலு வார்த்தை சொல்லுங்க, மகளோட மாற்றல் உத்தரவை என் கையாலேயே தர்றேன் என்றார்.

ஒரு பொய்தானே, பிள்ளைக்காகச் சொல்லேன் என்றார் அப்பா. எனக்கும் சபலம்தான், மறைக்க மாட்டேன். மைக்கைப் பிடிக்கும்வரை அந்தப் பொய்தான் வாயில் இருந்தது. பக்கத்தில் ஒற்றைத்துணியார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெளியே முரட்டுத் துணியா இருக்கட்டும், உள்ளே பட்டு வச்சுத் தைம்மா, உடம்பு உறுத்துது என்று என்னிடம் சொன்ன அதே முகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒண்ணு இல்லைங்க, ஒரு டஜன் தைச்சேன், எல்லாத்துக்கும் உள்ளே பட்டு என்று சொல்லிவிட்டேன். உடனே பின்வரிசையில் யாரோ, ஒண்ணு பன்னிரண்டாச்சு என்று கத்தினார்கள். அவ்வளவுதான், மறுபடி அற்புதம், மறுபடி உண்டியல். தலைவர் முதல் ஆளாகக் காலில் விழுந்தார், என் காலில் இல்லை, ஒற்றைத்துணியார் காலில். எழுந்து வந்து என் காதருகே, உங்க வாய் சரியில்லம்மா, மாற்றலை மறந்துடுங்க என்றார். அடுத்த மேடையில் அவர் சட்டையின் உள்பைகளைப் பற்றிப் பேசிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். அவர் தையலும் போயிற்று, அங்கித் தையலும் போயிற்று.

நீ இங்கே வர இருந்த ஒரே வழியைக் கெடுத்துவிட்டேன். நீ கோபப்பட்டாலும் நியாயம்தான். ஆனால் கையில் வேலை இல்லாத தையல்காரி ரயில் ஏற யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும்? வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன், நீயே போம்மா என்று சொல்லும்வரை அங்கேதான் இருப்பேன். பிள்ளைக்கு இரண்டு சட்டை தைத்துவிட்டேன். உள்ளும் வெளியும் ஒரே பருத்தித் துணி, ஒட்டு கிடையாது.

நீயும் பிள்ளையும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை அனுப்பு, நீ அலையாதே.

இப்படிக்கு,
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத
உன் அம்மா