முதல் வண்டியில் இடம்

மேசைமேல் கிடந்த அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி கத்தியதும் நம் பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அம்மா, அலாரம்" என்றான். அவ்வளவுதான், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வீடியோ காலை நிறுத்தக்கூட இல்லை. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போன் அங்கே அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பம்பாய் சுனாபட்டியில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனியில் இருக்கிற ஒரு காலி நாற்காலியை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆனாலும் எனக்கு அந்த யாராவது நீங்கள்தான்.

இந்த ஓட்டம் எனக்குப் புதிதா என்ன? கல்யாணமாகி பம்பாய் வந்த நாளிலிருந்து ஃபயர் ஸ்டேஷனுக்கு மேல் மாடியில்தானே குடித்தனம். கண்ட்ரோல் ரூமில் யாரோ போனை எடுத்து, எந்த ஸ்டேஷன் பக்கம் என்று பார்த்துச் சொல்லுவார்கள். கீழே மணி அடிக்கும். மாவு பிசைந்த கையோடு நான் ஜன்னலுக்கு ஓடுவேன். வண்டி கேட்டைத் தாண்டும்போது ஸ்டீயரிங்கில் உங்கள் தலை தெரியும். தாராவி சந்துக்கா, செம்பூர் பக்கமா, ஒன்றும் தெரியாது. ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பீர்களா? கேட்டால், "ரோட்டப் பாக்கவா, ஒன்னயப் பாக்கவா?" என்று எரிந்து விழுவீர்கள். நீங்கள் ரிட்டயர் ஆன அன்று எல்லாரும் மாலை போட்டார்கள். நான் உள்ளே போய் அழுதேன். இனி அந்த மணி என் வீட்டு மணி இல்லை என்ற நிம்மதியில் வந்த அழுகை அது.

அந்த நிம்மதியை நம் பிள்ளை கெடுத்தான். மெஷின் கம்பெனி வேலைக்குப் போனவன், அந்தச் சின்ன ஊர் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டேன் என்றான். சம்பளம் கிடையாது. வேறு வேலை பார்க்கிற ஊர்க்காரர்களேதான் ஆட்கள். உங்களுக்குத்தான் அன்றைக்கு வாயெல்லாம் பல். போனைப் பிடுங்கிக்கொண்டு துருவித் துருவிக் கேட்டீர்கள். பெட்டி கத்தினால் அவரவர் வீட்டிலிருந்து சொந்தக் காரில் ஸ்டேஷனுக்குப் பறக்க வேண்டுமாம். முதலில் வந்தவர்கள் முதல் வண்டியில் ஏறிக்கொள்வார்களாம். வண்டி நிறைந்தால் கிளம்பிவிடுமாம்.

"எங்களுக்கு டியூட்டி போட்டு ஆளு ரெடியா இருக்கும். இவனுங்க கல்யாண் லோக்கல் ட்ரெயின்ல சீட்டுப் புடிக்க மாதிரில்லா ஏறுதானுங்க!" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பிள்ளையாயிற்றே, சீட்டுப் பிடிக்காமல் விடுவானா?

நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தட்டில் ரசம் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. ஊர்த் தீயை அணைக்க ஓடினவன் தன் வீட்டு அடுப்பை அணைத்தானா என்பது தெரியவில்லை. அடுப்பு படத்துக்கு வெளியே இருக்கிறது. பைத்தியக்காரி மாதிரி போனை முகர்ந்து பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு இதைச் சொல்லிக் கேலி செய்திருப்பீர்கள்.

உங்களிடம் மறைப்பானேன், நான் ஒன்று வேண்டிக்கொண்டேன். வழியில் சிக்னல் சிவப்பாக விழட்டும், கார் கிளம்பாமல் இழுக்கட்டும், இவன் போவதற்குள் வண்டி நிறைந்துவிடட்டும் என்று.

வேண்டிய உடனேயே நீங்கள் காய்ச்சலில் கிடந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று உங்கள் டியூட்டியைப் பக்கத்து வீட்டு மராத்திக்கார டிரைவர் பார்த்தார். மணி அடித்து வண்டி போன பிறகு நான் கஞ்சியைக் கொண்டுவந்து, "நல்ல வேளை, நீங்க போவல" என்றேன். "என் சீட்டுல அவன் போயிருக்கான். இத அவன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லு பாப்போம்" என்றீர்கள். கஞ்சியைத் தொடவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழே கேட்டில் போய் நின்றீர்கள், அவர் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தும்வரை. காய்ச்சல் ஏறியதுதான் மிச்சம். அன்றைக்கு உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போனில் கதவுச் சத்தம் கேட்டது. நம் பிள்ளை வந்து நின்றான். முகத்தில் ஒரு துளி கரி இல்லை.

"என்னம்மா, இன்னும் லைன்லயா இருக்க?"

"ஏல, ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"நான் போவவே இல்லம்மா. ரயில்வே கேட்டப் போட்டுட்டான். போறதுக்குள்ள வண்டி ஃபுல். எனக்கு முந்தி வந்த பேக்கரிக்கார மார்ட்டின் ஏறிட்டான். மிச்சப் பேர வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. நீ டென்ஷன் எடுக்காத."

கேட்டது கிடைத்துவிட்டது. மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

"அந்தப் பையன் திரும்பிட்டானா?"

"இன்னும் இல்லம்மா. பழைய வீடு. உள்ள ஆள் இருக்கான்னு தேடிட்டு இருக்காங்க." ஆறின சோற்றை அவன் பிசைய ஆரம்பித்தான்.

என் பிள்ளை கண்ணெதிரே சாப்பிடுகிறான். எனக்கு வயிறு நிறைய வேண்டும். ஆனால் முகம் தெரியாத அந்த மார்ட்டின் எந்த மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறானோ என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. இந்தப் பயத்தைத்தான் நீங்கள் எனக்கு விட்டுப் போயிருக்கிறீர்கள். அது நம் வீட்டோடு நிற்க மாட்டேன் என்கிறது.

"ஏல, அவனுக்கு அம்மா உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டும்மா. பக்கத்துத் தெருதான். தனியாத்தான் இருப்பாங்க."

"அப்போ தின்னது போதும், கையக் கழுவு. அந்தம்மா பக்கத்துல போயி உக்காரு. போன நான் வைக்கேன்."