வெளியே மாட்டாத பலகை

ஊசியில் நூல் கோக்க எப்போதும் என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்ளும் தங்கைக்கு,

இந்தக் கடிதம் நாலு பேர் கண்ணில் படும் என்பதால் உன் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. நம் டெல்டாவில் ரயில்வே கேட்டும் அதை ஒட்டி ஒரு தையல் வகுப்பும் இல்லாத ஊர் எது?

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. வகுப்பு திறந்துதான் இருக்கிறது. தைப்பதை உன்னிடம் தொழில் பழகிய கலா பார்த்துக்கொள்கிறாள், நான் மனு எழுதுகிறேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் கட்டம் கட்டமாக நிரப்பியவனுக்கு வேறென்ன தெரியும்?

அடிபட்டவள், ஏமாற்றப்பட்டவள், மகளைத் துரத்துகிறவன்மேல் புகார் கொடுக்கப் பயப்படுகிறவள் எல்லோரும் இப்போதும் கையில் ஒரு ஜாக்கெட் துணியோடுதான் வருகிறார்கள். அந்தத் துணியை நிஜமாகவே தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உன் சட்டம். வீட்டில் கேட்டால் காட்ட வேண்டுமே. எந்தப் புத்தகத்தில் படித்தாய் இதை?

என் தவறை இன்றுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். நமக்குப் பணம் தரும் சென்னை அறக்கட்டளை முதன்முறை சிறு நிதி தந்தபோது, வாசலில் பலகை வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. நீ மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாய். ‘குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உதவி மையம்’ என்று மரப்பலகையில் எழுதச் சொல்லி, ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது. மூன்று வாரம் ஒருத்தியும் வரவில்லை.

நீ திரும்பி வந்து ரோட்டில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்தாய்.

“நல்லா நேராத்தான் மாட்டியிருக்கீங்கண்ணே. இனிமே எவ வருவா?”

“நிபந்தனையில இருக்கும்மா…”

“கேட்டு போட்டா மன்னார்குடி பஸ்ஸே நம்ம வாசலத்தான் பாக்குது. இதுக்குள்ள ஒருத்தி நுழைஞ்சா, அவ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சேதி போயிரும்.”

நீயே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாய். அந்த மூன்று வாரத்தில் ஒருத்தி கேட்டு வரை வந்து திரும்பிவிட்டாள் என்று பிறகு சொன்னாய். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். நிதியைப் புதுப்பிக்கப் போன வாரம் சென்னையிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தாள். பஸ் செலவும், கோர்ட்டுக்குப் போகிற நாளில் இழக்கும் நடவுக் கூலியும் அந்த நிதியில்தான் வருகின்றன. அது நின்றால் அடுத்த மாத வாய்தாவுக்கு வர வேண்டியவள் வர மாட்டாள். வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

“போர்டு எங்க சார்? போட்டோ வேணும்,” என்றாள்.

பதிலைத் தாளில் எழுதி மூன்று முறை படித்துப் பார்த்திருந்தேன். தாளை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டேன். அப்போது கதவு திறந்தது. ஒரு அம்மாள், நாற்பது வயதிருக்கும். கையில் ஜாக்கெட் துணி.

“அக்கா இல்லீங்களா?”

“அக்கா தவறிட்டாங்கம்மா. நான் அவங்க அண்ணன். உக்காருங்க.”

அவள் அதிகாரியைப் பார்த்தாள். “அளவு ஜாக்கெட்டு எடுக்க மறந்துட்டேன். அப்புறமா வர்றேன்.”

அதிகாரிப் பெண் சட்டென்று எழுந்தாள். “நான் கெளம்பிட்டேன்க்கா. நீங்க உக்காருங்க,” என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கேட்டு போட்டிருந்தது. நீடாமங்கலம் பக்கம் போகும் நெல் மூட்டை கூட்ஸ் ஊர்ந்து முடியும்வரை வெயிலில் நின்றாள். உள்ளே கலா வந்து அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் வெளியே போனேன். தாளை எடுக்கவில்லை.

“போர்டு உள்ளதாம்மா இருக்கு. வெளிய மாட்ட மாட்டோம். பணம் வராட்டியும்.”

“உள்ள எங்க சார்?”

“துணி வெட்டற மேசை பாத்தீங்களே, அதான். என் தங்கச்சி கவுத்துப் போட்டுட்டா.”

சிரித்துவிட்டாள். “அப்ப மேசையவே போட்டோ எடுத்து அனுப்புங்க. ஏன்னு நான் எழுதறேன். ஒத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது.”

பதில் இன்னும் வரவில்லை. நான் சொன்னது சரிதானா என்று தினமும் நினைக்கிறேன். நீயாக இருந்தால் நினைத்திருக்க மாட்டாய்.

எந்தப் பதில் வந்தாலும் அந்தப் பலகை கவிழ்ந்தேதான் இருக்கும். வாய்தா நாளில், கூலிக்கு என் பென்ஷனில் வழி பண்ணிக்கொண்டு, கோர்ட்டு பெஞ்சில் அவள் பக்கத்தில் நானே உட்காருவேன். அன்று வந்த அம்மாளின் துணி இப்போது பலகைமேல் கிடக்கிறது. வியாழக்கிழமை வருவாள். அதற்குள் கொக்கி வைப்பது வரை முடிந்திருக்கும், கவலைப்படாதே.

இப்போதெல்லாம் தானே நூல் கோத்துக் கொடுக்கும்,
உன் அண்ணன்