நீ போகச் சொன்ன ஐம்புலன் வகுப்பு

வாலன் க்ரீக்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள க்ளெனிஸுக்கு,

மெர்வின் எழுதுவது. இங்கே நான் நலம், மாடுகள் நலம், நம் நாய் ஸ்பட் உன் தோட்டத்துச் செருப்பைக் கடித்துத் தின்றுவிட்டு அதுவும் நலம். நியூசிலாந்து டனீடனில் கோடையிலும் குளிருமாமே, நீயும் உன் அக்கா வெர்னாவும் போர்த்திக்கொண்டு இருங்கள்.

“அந்த வகுப்புல போய் உக்காந்துட்டு எழுது, அதுவரைக்கும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்” என்று கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சொல்லிவிட்டுப் போனாயே, அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கேவலத்தை இனி நீயும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

காட்டுத்தீயில் வேலி போனவனுக்கு இன்றுவரை ஒரு முள்கம்பி கொடுக்காத கவுன்சில், ஐம்புலன்களையும் தட்டி எழுப்ப மட்டும் மெல்போர்னிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறது. பெயர் இமோஜென். லினன் சட்டை, மூங்கில் தண்ணீர்க் குப்பி, காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி ஒரு குரல். நாமெல்லாம் இருக்கிற இடத்தில் இல்லையாம், மனம் எங்கேயோ அலைகிறதாம். புலன்களைப் பிடித்து இழுத்து வந்தால் நிம்மதி கிடைக்குமாம். விடியுமுன் மாட்டுக் காம்பைப் பிடிக்கிறவனுக்கு மனம் எங்கே அலையும்? கொஞ்சம் அலைந்தால் உதை விழும்.

முதலில் பார்வை. அவரவர் உள்ளங்கையைப் புதிதாகப் பார்க்கச் சொன்னாள். என் கையில் சாணியும் பழைய தழும்பும்தான் இருந்தன, இரண்டும் புதிதல்ல. அப்புறம் தொடுகை, ஆளுக்கொரு கூழாங்கல். நம் ஓடையில் உதைத்துத் தள்ளுகிற கல்லைத்தான் வெல்வெட் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். பிறகு ஒரு பித்தளைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, சத்தம் எங்கே போய் முடிகிறது என்று கவனிக்கச் சொன்னாள். நம் தீயணைப்புக் குழு லெஸ்ஸின் குறட்டையில் போய் முடிந்தது.

சுவைக்கு ஒரே ஒரு உலர்திராட்சை. அதை விழுங்கக்கூடாதாம், நாக்கில் உருட்டி அதன் கதையைக் கேட்கவேண்டுமாம். பக்கத்து மேசையில் மாதர் சங்கத்தார் ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் கிரீமும் துணி போட்டு மூடி வைத்திருக்க, வளர்ந்த மனிதர்கள் கண்ணை மூடி ஒரு திராட்சையைச் சப்பிக்கொண்டிருந்தோம். எல்லாரும் ஆகா, தித்திப்பு, புளிப்பு என்றார்கள். நானும் தித்திப்பு என்றேன்.

கடைசியாக மணம். கண்ணைத் திறக்கவேண்டாம், உங்கள் மண்ணின் வாசனையை உங்களுக்கே தரப்போகிறேன் என்றாள். தந்தாள். உலர்ந்த யூகலிப்டஸ் இலையைச் செப்புத் தட்டில் குவித்து நெருப்பு வைத்தாள் மகராசி. பிப்ரவரி மாதம், காட்டுத்தீக் கோடை, வெளியே அனலாக வடக்குக் காற்று, உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் வீடு எரிந்தவர்கள்.

நடந்ததைக் கேள். ஊர் ஹாலுக்குள் போகுமுன் பூட்ஸைக் கழற்றி வாசலில் விடுவது நம் வழக்கம்தானே. எல்லாரும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி பூட்ஸ். நாற்காலிகள் உருண்டன, மொத்தக் கூட்டமும் வாசலில் விழுந்து, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடியது. காலின் இரண்டு இடது கால் பூட்ஸோடு தீயணைப்புத் தண்ணீர் வண்டியை ஓட்டினான். லெஸ் சைரனை அழுத்திவிட்டான். பக்கத்து ஊர் வண்டிகளும் அலறிக்கொண்டு வந்து சேர்ந்தன, ஒரு தட்டு இலையை அணைக்க.

ஹாலுக்குள் இரண்டே பேர்தான் மிச்சம். ஒன்று இமோஜென், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இன்னொன்று நம் ஊர்த் தீயணைப்புக் குழுத் தலைவன், அதாவது உன் புருஷன், கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டது. யாருக்கோ மயக்கம் என்று நினைத்தேன்.

எல்லாரும் திரும்பி வந்து மூச்சு வாங்கும்போது, அந்தப் பெண் கண்கலங்கி என் தோளில் கை வைத்து, இவர் ஒருவர்தான் இந்தக் கணத்தில் முழுமையாக இருந்தவர் என்று என்னைக் காட்டிப் பாராட்டினாள். பரிசாக இன்னொரு கூழாங்கல் தந்தாள். இந்த லட்சணத்தில் புலன்களைப் பற்றிப் பாடம் எடுக்க வந்துவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். லெஸ் தட்டவில்லை.

வாசலில் மிச்சமிருந்த இரண்டு வலது கால் பூட்ஸுக்குள் நான் காலை நுழைக்கும்போது லெஸ் வந்து பக்கத்தில் நின்றான். “யோவ் மெர்வ், உனக்கு வாடையே வரலையா?” என்றான். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடியிருந்தேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. “எப்போருந்துய்யா?” என்று மட்டும் கேட்டான்.

தீ வந்த ராத்திரியிலிருந்து, க்ளெனிஸ். மேல்காட்டில் அந்தப் புகையைக் குடித்ததிலிருந்து மூக்கு செத்துப்போய்விட்டது. நாக்குக்கு உப்பும் சர்க்கரையும் தெரியும், வேறு எதுவும் தெரியாது. புகை வாடை தெரியாத தலைவனை எவன் வண்டியில் ஏற்றுவான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் லெஸ்ஸிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுவேன், அது போகட்டும்.

கிறிஸ்துமஸ் ஆட்டுத்தொடையை நீ வேண்டுமென்றே கருகவிட்டாய் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நான் ஏதாவது சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாய். நான் முழுவதும் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடு என்றேன். கைத்துணியை வீசிவிட்டு நீ எழுந்து போனாய். உன்னைப் பொருட்படுத்தாமல் சொன்னதாக நினைத்திருப்பாய். சத்தியமாக எனக்குக் கருகல் வாடை தெரியவில்லை. நீ சமைத்தது, அதனால் நன்றாக இருக்கிறது என்றேன்.

உன் லாவெண்டர் பவுடர் டப்பாவைத் தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். சுண்ணாம்புத் தூள் மாதிரி இருக்கிறது. மூடி வைத்துவிடுகிறேன்.

நேற்று அடுப்பில் வாணலியை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். ஸ்பட் குரைத்துக் குரைத்து என் கால்சட்டையை இழுத்தது. திரும்பி வந்து பார்த்தால் சமையலறைச் சுவர் கறுத்திருந்தது. நாய்க்கும் வயதாகிவிட்டது, க்ளெனிஸ். வீட்டில் புகைந்தால் எனக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வந்துவிடு. வந்து எதை வேண்டுமானாலும் கருகவிடு, கருகிவிட்டது என்று வாயால் சொல்லிவிடு, போதும்.

வெர்னாவுக்கு என் வணக்கம். உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

காலினின் வலது கால் பூட்ஸோடு,
உன் மெர்வின்